ஃபாரஸ்ட் தாண்டி லெஃப்ட்

என் மச்சினன் வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சீ பக்கம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வந்துவிடுவான். முதல் வருஷம் முகத்தைக் காட்டினான். இரண்டாம் வருஷம் வாங்கிய காரைக் காட்டினான். அதற்கப்புறம் மரத்தைத்தான் காட்டுகிறான். “மாமா, இது ஓக். இது பீச். கீழே பாருங்க, எப்படிப் பாசி பிடிச்சிருக்கு!” ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் தண்ணி லாரிக்குக் காத்திருப்பவனிடம் ஈரத்தின் பெருமை பேசுவது பாவம் என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அந்த ஊரில் இன்னொரு அதிசயமும் உண்டாம். காட்டுக்குப் போகும் பொதுப்பாதை அடுத்தவர் வயலுக்குள்ளேயே போகுமாம். கேட்டைத் திறந்து, உள்ளே நடந்து, மறுபடி மூடிவிட்டால் போதும். யாரும் ஏன் என்று கேட்க முடியாது. மனிதர்களைப் போல மூன்று மடங்கு ஆடுகள் இருக்கிற தேசம் என்பதால் வழியில் ஆட்டுக்கு மட்டும் வணக்கம் சொல்ல வேண்டும். எங்கள் காம்பவுண்டு சுவரில் ஒருவர் சைக்கிளைச் சாய்த்ததற்கே அசோசியேஷன் மீட்டிங் போட்டவர்கள் நாங்கள்.

“வெல்ஷ் மொழியில காட்டுக்கு ‘கோய்ட்’னு பேரு மாமா” என்று ஒருநாள் சொன்னான். பக்கத்தில் நின்றிருந்த அசோசியேஷன் செயலாளர் காதில் அது விழுந்துவிட்டது. “கோய்ட்… காடு! இங்கேருந்து போனதுதான் சார்!” அன்று மாலைக்குள் அந்த ஆராய்ச்சி குமரிக்கண்டம் வழியாக மூன்று வாட்ஸ்அப் குரூப்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

போன மார்கழியில் மச்சினன் லீவில் வந்தான். வந்த மறுநாளே, “உங்க ஊர்க் காட்டைச் சுத்திக் காட்டுங்க மாமா” என்றான்.

“வண்டலூர்தானே? டிக்கெட் போட்டுடலாம்.”

“அது ஜூ மாமா.”

அவன் சொன்னது நியாயம்தான். 1855-இல் பட்டணத்துக்குள் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, இடம் போதாமல் 1985-இல் வண்டலூருக்கு வந்தது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் காடு என்றால் வண்டலூர். கூண்டில்லாத காட்டை நாங்கள் காடு என்று ஒத்துக்கொள்வதில்லை.

மச்சினன் செல்போனில் மேப்பைத் திறந்தான். தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே, நாலு பக்கமும் வீடுகள் நெருக்க, ஒரு பச்சைத் திட்டு. நன்மங்கலம் காப்புக்காடு. 320 ஹெக்டேர். எனக்கு வெட்கமாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக உறவினர்களுக்கு, கேஸ் சிலிண்டர்காரருக்கு, பீட்சா பையனுக்கு என்று எல்லோருக்கும் நான் சொல்லும் வழியே அதுதான்: “மேடவாக்கத்துலேருந்து வாங்க, ஃபாரஸ்ட் தாண்டி, அப்புறம் லெஃப்ட்.” தாண்டச் சொன்னேனே தவிர, ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

மறுநாள் விடியற்காலை புறப்பட்டோம். காசி யாத்திரைக்குக்கூட என் மனைவி அப்படித் தயாராகியிருக்க மாட்டாள். புளியோதரை, தயிர்சாதம், ஃபிளாஸ்கில் காபி, ஒடோமாஸ், குரங்குக் குல்லா. மச்சினன் முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தான். ஷேர் ஆட்டோக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “சார், எங்கியாச்சும் வெள்ளமா?” என்று கேட்டார்.

காட்டு வாசலில் காவலர் ஒரே கேள்விதான் கேட்டார். “பர்மிஷன் வாங்கியிருக்கீங்களா?”

மச்சினன் பொதுப்பாதை, நடக்கும் உரிமை என்று ஆரம்பித்தான். காவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் அந்த ஊர்ல சார். இது காப்புக்காடு” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இங்கே காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதைக் குற்றமாக்கியது 1882-ஆம் வருஷத்து மெட்ராஸ் வனச் சட்டம். தன் ஊரில் அடுத்தவன் வயலுக்குள் நடக்கப் பாதை வைத்துக்கொண்ட வெள்ளைக்காரன்தான் அதையும் எழுதினான். கேட்டைத் திறப்பது அங்கே, மூடுவது இங்கே என்று வேலையைப் பிரித்துக்கொண்டான் போலிருக்கிறது.

புளியோதரையை பஸ் ஸ்டாப் நிழற்குடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்த வழியாக வேளச்சேரி பஸ் இரண்டு போயின.

மச்சினனின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊர் மானத்தைக் காப்பாற்ற, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கதையை எடுத்துவிட்டேன். ஸ்காட்லாந்து பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837-இல் பட்டணத்தில் தொடங்கிய பள்ளி. கல்லூரியாக வளர்ந்து, சரியாக நூறு வருஷம் கழித்து 1937-இல் சேலையூர் புதர்க்காட்டுக்குக் குடிவந்தது. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் சோதனைக் குழாயை வைத்துவிட்டு மரக்கன்றைப் பிடித்தார். இன்றும் அங்கே புள்ளிமான் மேய்கிறது. “நீங்க அங்க படிச்சீங்களா மாமா?” என்றான். அப்ளிகேஷன் வாங்கினேன். காட்டோடு என் உறவு அத்தோடு முடிந்தது.

அடுத்த வாரம் பறவை பார்க்கும் குழு ஒன்று முறைப்படி அனுமதி வாங்கிப் போவதாகத் தெரிந்தது. நாங்களும் ஒட்டிக்கொண்டோம். காலை ஆறு மணி. குழுவை நடத்திய தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பளிச்சென்ற நிறம் வேண்டாம், பேச்சு வேண்டாம் என்று முன்னாலேயே செய்தி அனுப்பியிருந்தார். நான் அதைப் படிக்கவில்லை. மைத்துனி கல்யாணத்துக்கு எடுத்த ஆரஞ்சு சட்டையில் போய் நின்றேன். தம்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “சார், நீங்க வரிசையில கடைசியா வாங்க” என்றார்.

உள்ளே போனதும் என் மனைவிக்கு ஏமாற்றம். வானத்தைத் தொடும் மரங்களை எதிர்பார்த்து வந்தவள் முன்னால் இடுப்பளவுப் புதர்தான் நின்றது. “இந்த முள்ளுக்கா பர்மிஷன்?” என்றாள். வேல்ஸ் காடு மழையில் ஊறிய காடு; இது ஐப்பசி, கார்த்திகையில் குடித்துவிட்டு ஆடி வரை தாக்குப்பிடிக்கும் காடு என்று தம்பி விளக்கினார். காரை, களா, சூரை, ஈச்சம் புதர் என்று வரிசையாகக் காட்டினார். சூரை முள் கொக்கி மாதிரி பின்பக்கமாக வளைந்திருக்கும். உள்ளே போகும்போது விடும், திரும்பும்போது பிடித்துக்கொள்ளும். என் சட்டையைப் பிடித்தது. மனைவியின் சால்வையையும் பிடித்தது. மச்சினனின் முந்நூறு பவுண்டு ஜாக்கெட்டையும் வித்தியாசம் பார்க்காமல் பிடித்தது. களாச் செடியைப் பார்த்ததும்தான் என் மனைவியின் முகம் தெளிந்தது. “ஊறுகாய் போடுவாங்களே!” அதற்கப்புறம் அவள் அந்தக் காட்டைக் குறை சொல்லவில்லை.

கொண்டலாத்தி, செம்போத்து, தவிட்டுக்குருவிக் கூட்டம், தோகையை இழுத்துக்கொண்டு நடந்த மயில் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. எல்லோரும் மூச்சை அடக்கி நடந்தபோது என் செல்போன் அடித்தது. “சார், ஃபாரஸ்ட் வியூ பிளாட் இருக்கு. சைட் விசிட்டுக்கு கார் அனுப்பட்டுமா?” காட்டுக்குள் நின்று அந்தக் குரலைக் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பதில் சொல்வதற்குள் பக்கத்துத் தரையிலிருந்து ஒரு பறவை வீறிட்டுக் கிளம்பியது. ஆள்காட்டி. மனிதன் வந்தால் காடு முழுவதுக்கும் தண்டோரா போடும். அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் தெரு சிசிடிவிகூட இவ்வளவு வேகமாகக் காட்டிக்கொடுத்ததில்லை.

கடைசியாக, கைவிடப்பட்ட கல்குவாரி. ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய பள்ளத்தில் இப்போது மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. எதிர்ப்பக்கப் பாறை இடுக்கில்தான் நன்மங்கலத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த கொம்பன் ஆந்தை. தம்பி தொலைநோக்கியை நீட்டினார். “ரெண்டு கொம்பு மாதிரி சிறகு நீட்டிட்டு இருக்கு பாருங்க சார்.” எனக்குக் கல் தெரிந்தது. மறுபடி பார்த்தேன், இன்னொரு கல் தெரிந்தது. புரியாததற்கெல்லாம் தலையாட்டி முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவன் நான். “அற்புதம்” என்று தலையாட்டினேன். அப்போது அந்தக் கல் மெதுவாகத் தலையைத் திருப்பி, ஆரஞ்சுக் கண்ணால் என் ஆரஞ்சு சட்டையை ஒரு நிமிஷம் பார்த்தது.

“காலங்கார்த்தால ஆந்தை முகத்துல முழிச்சாச்சு” என்றாள் மனைவி. “எலி பிடிக்கிறதுல அதை மிஞ்ச ஆள் கிடையாது அக்கா” என்றார் தம்பி. எங்கள் கார் பார்க்கிங்கில் பெருச்சாளி வந்து ஒயரைக் கடித்த செலவு நினைவுக்கு வந்தது. ஆந்தையின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

திரும்பும்போது மச்சினன் அதிகம் பேசவில்லை. “ஸ்வான்சீல ஒரே காலைல இவ்ளோ பறவை பார்த்ததில்ல மாமா” என்றான். அதுதான் சமயம் என்று நான் வைத்திருந்த கடைசிக் கதையைச் சொன்னேன். தாம்பரம் சானடோரியத்தை 1928-இல் தொடங்கிய டாக்டர் சௌரிமுத்து, அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917-இல் சிகிச்சைக்குப் போனது அங்கேதான். கடல் கால்வாய்க்கு இந்தக் கரை மெண்டிப், அந்தக் கரை வேல்ஸ். அந்தக் காற்றையெல்லாம் சுவாசித்தவர், நோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று தேடித் தேர்ந்தெடுத்த ஊர் தாம்பரம். இன்று சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது நாம் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அவர் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. வைத்துக்கொள்ளத் தெரியாதது நாம்தான்.

அந்தக் காற்றில் மிச்சம் கொஞ்சம் நன்மங்கலத்தில் இருக்கிறது. போக நினைப்பவர்கள் முதலில் அனுமதி வாங்குங்கள். மங்கிய சட்டை போடுங்கள். புளியோதரை கொண்டுபோனால் இலையை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆள்காட்டி சும்மா விடாது.