பழி இதயத்துக்கு

செங்கல்பட்டுப் பக்கம் யார் செத்தாலும் சான்றிதழில் பழி இதயத்தின் மேல்தான். “இறந்த விதத்தை எழுதாதீர்கள், எந்த நோயால் என்று எழுதுங்கள்” என்கிறது மருத்துவமனைகள் நிரப்பும் படிவம் 4. எழுதுகிற கை படித்தால்தானே! இதயம் நிற்காமல் செத்தவர் உண்டா என்று திருப்பிக் கேட்டால் நம்மிடமும் பதிலில்லை.

வீட்டுச் சாவு இன்னும் சுலபம்.

“பெரியவருக்கு என்ன?”

“ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டாரு சார். காலைல எழுந்திரிக்கல.”

முடிந்தது விசாரணை. 2020-ல் நாடு முழுக்கப் பதிவான சாவுகளில் மருத்துவச் சான்றோடு காரணம் பதிவானது 22.5 சதவீதம். மற்றவர்கள் காரணம் சொல்லாமலே கிளம்பிவிட்டார்கள்.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் குப்பங்களின் பாடு தனி. கடலில் போய் உடல் கிடைக்காதவர் பொதுவாக ஏழு ஆண்டுக்குக் ‘காணாமல் போனவர்’. சீக்கிரம் கணக்கில் சேர வேண்டுமென்றால் அவரே நேரில் வந்து மனுக் கொடுக்க வேண்டியதுதான்.

2020 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டின் கொரோனா சாவுக் கணக்கில் விடுபட்ட 444 பேர் ஒரேயடியாகச் சேர்ந்தார்கள். எல்லாரும் ஜூன் 10-க்குள் செத்தவர்கள். ஆள் போனது ஒரு நாள், கோப்பில் போனது இன்னொரு நாள். திதியை எந்த நாளில் கொடுப்பது என்று அரசாணை வந்ததாகத் தெரியவில்லை.