சொந்தச் சரக்கு

ஆலங்குளம் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் ஆய்வு நேர்மைக்கு விதி போட்டது. ஆய்வேட்டில் அடுத்தவர் எழுத்து 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கலாம். 60 வரை என்றால் ஓராண்டு சும்மா இருக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. கோழி திருடுகிறவனுக்கு இந்தச் சலுகை எந்த ஸ்டேஷனிலும் கிடையாது.

இந்த எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்க மென்பொருள் உண்டு. பாவம், அதற்கு எழுத்து மட்டுந்தான் தெரியும். ஆலங்குளத்தில் பீடி சுற்றும் பெண்கள் 200 பேரைப் பார்த்ததாகச் சொல்லி, விடுதி அறையிலேயே ஒருவர் கேள்வித்தாளை நிரப்பினால் அது என்ன செய்யும்? எங்கிருந்தும் எடுக்காத கற்பனை, ஒற்றுமை பூஜ்யம், முதல் வகுப்பு நேர்மை!

நேரில் போகிறவருக்கோ வேறு சோதனை. சம்மதப் படிவத்தை நீட்டினால், “இதுல கையெழுத்துப் போட்டா கூலி கூடுமாய்யா?” என்பார் அக்கா. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

நெறியாளர்களே, மென்பொருள் அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள். ஒருநாள் தென்காசி பஸ் ஏறி ஆலங்குளத்தில் இறங்கி, அந்த 200 பேரில் நாலு பேரையாவது பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.