மலை மேலே சாமி இல்லை

பெர்ன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

போட்டோவைப் பார்த்துவிட்டு, "அவ்வளவு தூரம் ஏறினீங்களே, மேலே எந்தச் சாமி?" என்று கேட்டாயாம். சாமி இல்லை அம்மா. மயிலத்தில் முருகன் இருக்கிறார், திருவண்ணாமலையில் தீபமாவது எரியும். இங்கே ஜனங்கள் சும்மா ஏறுகிறார்கள். ஏரி ஒன்றைப் பார்க்கிறார்கள், கொண்டுபோன ரொட்டியைத் தின்கிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். மொட்டை, வேண்டுதல் ஒன்றும் கிடையாது.

நாங்கள் போனது பாகால்ப் ஏரி. உயரம் 2,265 மீட்டர். செஞ்சி ராஜகிரியை ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்கினாலும் எட்டாது என்று தெருவில் சொல்லிக்கொள். அதில் 2,168 மீட்டர் வரை கேபிள் காரில் உட்கார்ந்தபடியே போனோம் என்பதை மட்டும் விட்டுவிடு.

கேபிள் காரை விட்டு இறங்கினதும் மஞ்சள் போர்டு. இந்த ஊர் போர்டில் கிலோமீட்டர் போடமாட்டார்கள், நேரம்தான். 'ஏரி, 50 நிமிஷம்.' யாருடைய 50 நிமிஷம்? கூட வந்த யாழ்ப்பாணத்து அண்ணை விசாரித்து வைத்திருக்கிறார்: சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடக்கிற ஆள், ஏற்ற இறக்கத்துக்குத் தனிக் கணக்கு, நடுவில் எங்கேயும் உட்காரக் கூடாது. அப்படிப்பட்ட ஆள் நம் வம்சத்தில் பிறக்கவில்லை. சின்னவனுக்கு ஷூ லேஸ் அவிழ்ந்தது, உன் மருமகளுக்கு மாட்டோடு போட்டோ வேண்டும், அண்ணி புட்டையும் சம்பலையும் பிரித்துவிட்டார். போர்டு போட்டவன் புட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. நேரம் தப்பு என்று நான் முனகினேன். "போர்டு பிழையில்லை தம்பி, உங்கட கால்தான் பிழை" என்றார் அண்ணை.

போர்டு வெறும் மஞ்சள் என்றால் எவரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் கால் தடுமாறாமல், தலை சுற்றாமல் இருக்கணும். வெள்ளை-நீலம்-வெள்ளை, கயிறும் பனிக்கோடரியும் பழகினவர்களுக்கு. ஏரியிலிருந்து 2,681 மீட்டர் ஃபவுல்ஹார்ன் உச்சிக்குப் போவது சிவப்புக் கோட்டு வழி. கையில் இரண்டு கோல்களோடு இரண்டு பாட்டிகள் எங்களைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறினார்கள். நாங்கள் கையசைத்து வழியனுப்பி வைத்தோம்.

நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு இது. நடைபாதை மட்டும் 65,000 கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஆரம்பம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு க்ளாவுசன் கணவாய்க்குப் போனபோது கார்கள் இவர்களை ரோட்டிலேயே நடக்கவிடவில்லையாம். கோபத்தில் 1934-ல் நடப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பிக்கக் காரணமாகிவிட்டார். 1979-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு நடைபாதையை அரசியல் சட்டத்திலேயே ஏற்றினார்கள். ஒரு பாதையை எடுக்க நேர்ந்தால் அதற்குப் பதிலாக வேறு வழி கொடுக்கணும் என்று சட்டமும் இருக்கிறது.

இந்தப் பதில் வழி சங்கதியில்தான் எனக்கு வயிறு எரிந்தது. நம்ம ஊர்க் கடலோரம் பொம்மையார்பாளையம் வரை மணலிலேயே நடப்போமே, அந்த வழிக்குப் பதில் யார் கொடுத்தார்கள்? தெற்கே துறைமுகத்துக்குக் கல் நீட்டின பிறகு மணலைக் கடல் தின்றுவிட்டது. படகு ஏற்றவே இடம் இல்லை, நடக்க எங்கே? ரோட்டுப் பக்கம் வந்தால் ஈசிஆர். நம்ம சாவடியில் மஞ்சள் போர்டு வைத்தால், 'கடல், 5 நிமிஷம். ஈசிஆரைத் தாண்டும் நேரம் இதில் சேராது' என்றுதான் எழுதணும். அந்த வாத்தியார் பஸ்ஸைவிட்டு நம்ம ஊரில் இறங்கியிருந்தால் ஒரே நாளில் நாலு சங்கம் வைத்திருப்பார்.

இருட்டின பிறகு டீ குடிக்க ரோட்டைத் தாண்டவேண்டாம் என்று அப்பாவிடம் சொல். உன் மூட்டு வலிக்குப் பணம் போட்டிருக்கிறேன். அதில் தைலம் வாங்கும்போது இரண்டு புட்டி சேர்த்து வாங்கி, வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பு. மருமகளுக்கு என்று சொல்லு.

உன் மகன்