ஐவரில் ஒருத்தி

கே: மகள் கோல்ஃப் நன்றாக ஆடுகிறாள். உயர்தரம் முடிந்ததும் கோல்ஃப் உள்ள கம்பஸாகப் பார்த்துச் சேர்க்க ஆசை. கண்டிப் பக்கம் எது நல்லது?
– ஒரு தாய், கட்டுகஸ்தோட்டை

ப: மகன் ரக்பி ஆடுகிறான் என்று சொல்லியிருந்தால் கண்டி ஊரே கூடி யோசனை சொல்லும். மகள் கோல்ஃப் ஆடுகிறாள் என்றால் திகன பஸ்ஸைக் காட்டிவிட்டு நழுவிவிடும். பிழையும் இல்லை. திகனவுக்குப் பக்கத்து ராஜவெல்லையில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில், டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த அருமையான பதினெட்டுக் குழி மைதானம் இருக்கிறது. மைதானம்தான் இருக்கிறது, மகளிர் அணி வைத்து, கோச் வைத்து, புலமைப்பரிசிலும் தரும் கல்லூரி பக்கத்தில் இல்லை. பேராதனையில் புல்வெளிக்குக் குறைவில்லை, குழிதான் இல்லை. விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதி வழங்குவதுண்டு; உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி இருந்தால் அதற்கு விண்ணப்பியுங்கள். ஆடுவதற்காகவே இடம் தரும் கல்லூரி வேண்டுமென்றால் அது பெரும்பாலும் அமெரிக்காவில்தான்.

கே: பெயர்பெற்ற பெரிய பல்கலைக்கழகத்தில் அணியின் கடைசி இடமா, யாரும் கேள்விப்படாத சிறிய கல்லூரியில் முதல் ஐந்து பேரில் ஒருத்தியா? எதை எடுப்பது?
– மாணவி, குண்டசாலை

ப: சிறிய கல்லூரியை எடு, மகள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். அதில் சிறந்த நான்கு பேரின் அடிகளைத்தான் கூட்டுவார்கள். அணியிலோ எட்டு, ஒன்பது பேர் இருப்பார்கள். மிச்சப் பேர் போட்டி வாரத்தில் விடுதியில் இருந்து ஃபோனில் ஸ்கோர் பார்ப்பார்கள். யார் போவது என்று தீர்மானிக்க அணிக்குள்ளேயே தகுதிச் சுற்று வைப்பார்கள், அதுவும் ஏறத்தாழ ஒவ்வொரு போட்டிக்கும் முன்பு. ஆக, உன் முதல் எதிரி மற்றக் கல்லூரிக்காரி இல்லை, பக்கத்து அறைக்காரி.

கோச்சிடம் மைதானம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்காதே. இரண்டுக்கும் அழகான படம் அனுப்புவார். “போன ஆண்டு உங்கள் ஆறாவது, ஏழாவது ஆட்டக்காரி எத்தனை போட்டிக்குப் பயணம் செய்தார்?” என்று கேள். அவர் இருமினால் பதில் கிடைத்துவிட்டது. அவர் சொல்வதைச் சரிபார்க்கவும் முடியும்: கல்லூரி அணிகளின் ஸ்கோர்கள் போட்டிக்குப் போட்டி பகிரங்கமாக வெளியாகின்றன. அணியின் நான்காவது, ஐந்தாவது ஆளின் சராசரியைப் பார். உன்னுடையது அதற்குப் பக்கத்தில் இருந்தால் எழுது. முதலாவது ஆளின் சராசரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு வேறு நேரம் இருக்கிறது.

பாடத்தையும் பார்த்துக்கொள். அணிப் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பயணம் அதற்குள் அடங்காது. ஆய்வுகூட வகுப்பு நிறைந்த பாடமென்றால், அதே பாடம் படிக்கும் ஒருத்தி அந்த அணியில் இருக்கிறாளா என்று விசாரி. மணிக்கட்டு உளுக்கி ஓர் ஆண்டு ஆட முடியாமல் போனாலும் அந்தக் கல்லூரியில் இருக்க மனம் வருமா என்பதையும் யோசி.

கே: முழு ஸ்கொலர்ஷிப் நிச்சயம், கிடைத்ததும் அதில் ஒரு பங்கு தந்தால் போதும் என்கிறார் ஓர் ஏஜென்ட். நம்பலாமா?
– ஒரு தகப்பன், கம்பளை

ப: அவர் கேட்கும் பங்குதான் ஆபத்து. கிடைக்கும் உதவித்தொகையைக் கணக்கிட்டு முகவர் கூலி வாங்குவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிகளுக்கு முரண். மகளின் தகுதியே போகலாம். “முழு” என்பதையும் சற்று மடக்கி வையுங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதல் பிரிவில், நீண்ட காலமாக மகளிர் கோல்ஃப் அணிக்கு ஆறு புலமைப்பரிசில்தான் உச்சமாக இருந்தது. அதையும் துண்டு போட்டுப் பலருக்குப் பங்கிட்டார்கள். 2025 முதல், புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அந்த உச்சம் நீங்கி, அணியில் ஒன்பது பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. கொடுக்கலாம் என்று ஆனதே தவிர, கொடுத்தாக வேண்டும் என்று ஆகவில்லை. மூன்றாம் பிரிவிலும் ஹார்வர்ட், யேல் இருக்கும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும்தான் உதவி. சில வேளை அதுவே பெரிய தொகையாக இருக்கும்.

கே: பொம்பிளைப் பிள்ளை பந்தடிக்கவா அவ்வளவு தூரம் போக வேண்டும்?
– ஒரு பாட்டி, அம்பிட்டிய

ப: படிக்கப் போகிறாள், அம்மா. பந்து கட்டணத்தில் கொஞ்சத்தைக் கட்டுகிறது.

கே: நுவரெலியாவில் 74 அடித்தேன். போதுமா?
– மாணவி, மாத்தளை

ப: எந்த டீயிலிருந்து, எத்தனை யார்டு, போட்டியிலா நண்பிகளோடா? கோச் கேட்கப்போவது இதைத்தான். நுவரெலியா கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரம். காற்று மெலிது, பந்து கூடத் தூரம் பறக்கும். ராஜவெல்லை விக்டோரியா மைதானத்திலோ பார் 73; அங்கே அடிக்கும் 74 வேறு, இது வேறு. வெறும் எண்ணை அனுப்பாமல் மைதானத்தின் மதிப்பீட்டோடு, ஆறாயிரம் யார்டு அளவில் ஆடிய போட்டி ஸ்கோர்களை அனுப்பு. மோசமான சுற்றையும் மறைக்காதே. எப்படியும் தேடிப் பிடிப்பார்கள்.

கே: இந்திய வீராங்கனை அதிதி அசோக் கல்லூரி அணியில் ஆடியா பெரிய ஆளானார்?
– குறும்புக்காரன், பேராதனை

ப: இல்லை. 17 வயதிலேயே ஐரோப்பியச் சுற்றின் தகுதிப் போட்டியை வென்று தொழில்முறைக்குப் போய்விட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம். மறுபக்கம் அமெரிக்காவின் ரோஸ் ஜாங்: ஸ்டான்ஃபோர்டுக்காக 2022, 2023 இரண்டு ஆண்டும் அமெரிக்கக் கல்லூரிகளின் தனிநபர் பட்டம், தொழில்முறையில் கால் வைத்த முதல் போட்டியிலேயே வெற்றி. உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த இருவரில் ஒருவராக இருந்தால் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

கே: அண்ணன் கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை தூக்கும் கேடி. அவருக்குக் கிடைத்த பழைய மட்டைகளால் பழகினேன். எனக்கெல்லாம் சரிவருமா?
– மாணவி, நாவலப்பிட்டி

ப: இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டம் வென்ற நம் நாட்டுத் தங்கராஜாவைத் தெரியுமா? அவரைப் போன்றவர்கள் கிளப் அங்கத்தவர் வீட்டில் பிறந்து வந்தவர்கள் இல்லை. ஸ்கோர் தாளில் குடும்பத்தின் தொழிலை எழுதக் கட்டம் கிடையாது. ஆனால் நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் உண்டு. அதை இனிப்பு தடவிச் சொல்ல மாட்டேன். ஆண்களுக்குக் கேடி வேலையே ஒரு வாசலாக இருந்தது, பெண்களுக்கு அதுவும் இல்லை. இலங்கையில் நடக்கும் மகளிர் கோல்ஃப் போட்டிகளில் பெயரைப் பதி. சாதாரண தரப் பெறுபேற்றில் ஆங்கிலமும் கணிதமும் வலுவாக இருக்கட்டும். உன்னைப் போன்றவருக்கு வருமானம் பார்த்து உதவும் கல்லூரிகள் முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான்.

கே: கோச்சுக்கு முதல் கடிதம் யார் எழுதுவது? அப்பா தான் எழுதுவதாகச் சொல்கிறார்.
– மாணவி, தென்னக்கும்புர

ப: நீயே எழுது. அப்பா எழுதினால் கோச் அப்பாவின் ஸ்விங் வீடியோவைக் கேட்பார். பதில் வரவில்லையென்று முகம் வாடாதே: பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15 வரை முதல் பிரிவு கோச்சுகள் ஆட்சேர்ப்புக் கடிதம் எழுத விதி இடம் தராது. அதற்குப் பிறகும் மௌனமென்றால் அடுத்த கல்லூரிக்கு எழுது. பெயரை மாற்ற மட்டும் மறந்துவிடாதே.