கொம்பில் சுட்ட எழுத்து

1980களில் இங்கிலாந்தில் ஒருவர் முன்னோரைத் தேடக் கிளம்பினால் முதலில் தோளில் வலு வேண்டியிருந்தது. லண்டனில் செயின்ட் கேத்தரின்ஸ் ஹவுஸ் என்ற கட்டடத்தில், 1837 ஜூலை முதல் தேதியிலிருந்து பதிவான பிறப்பு, திருமணம், இறப்புகளின் பெயர் அட்டவணைகள் இருந்தன. சிவப்பு அட்டை பிறப்புக்கு, பச்சை திருமணத்துக்கு, கறுப்பு இறப்புக்கு. ஆண்டுக்கு நான்கு காலாண்டு, ஒவ்வொரு காலாண்டுக்கும் பல ஏடுகள். ஏட்டை அலமாரியிலிருந்து உருவி, சாய்வு மேசையில் கிடத்தி, வரிவரியாக விரலை ஓட்டி, பெயர் இல்லையென்றால் மறுபடி தூக்கிச் செருகிவிட்டு அடுத்ததை உருவ வேண்டும். பின்னால் நான்கு பேர் அதே ஏட்டுக்குக் காத்திருப்பார்கள்.

நான் அங்கே தேடியது என் கணவர் வீட்டாரை. யார்க்‌ஷயரின் வடமேற்கு மூலையில், ஸ்வேல்டேல் என்ற பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்த்தவர்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு இரண்டு பக்கத்து முன்னோரும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் பக்கத்துக்கு அப்பாயி இருந்தாள். கேட்டால் ஏழு தலைமுறை சொல்வாள். அந்தப் பக்கத்துக்கு ஏடுகள் இருந்தன.

இன்று என் மகள் ரயிலில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் அதே அட்டவணையைப் பார்க்கிறாள். நான் ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடியதை அவள் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையில் முடித்துவிடுகிறாள். 1921ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு 2022 ஜனவரியில் இணையத்தில் திறந்தபோது, முதல் நாளே தன் கொள்ளுத் தாத்தாவின் வீட்டைக் கண்டுபிடித்து எனக்குப் படம் அனுப்பினாள். எனக்கு அதில் மனமார்ந்த மகிழ்ச்சி. பழைய சிரமத்தைப் புனிதமாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. லண்டன் போக வண்டிச்சத்தம் இல்லாதவனுக்கும், வேலையை விட்டு வர முடியாதவளுக்கும் அன்று முன்னோர் கிடைக்கவில்லை, இன்று கிடைக்கிறார்கள். அது பெரிய நியாயம்.

ஆனால் ஸ்வேல்டேலில் பெயர் மட்டும் கையில் இருந்தால் போதாது. அந்தப் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் ஆல்டர்சன் என்பார்கள். பக்கத்து வென்ஸ்லிடேலில் மெட்காஃப். ஆண்களுக்கு ஜான், ஜேம்ஸ், ஜார்ஜ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான். ஒரே தேவாலயப் பதிவேட்டில், ஒரே பத்தாண்டில், ஒரே பெயரில் நான்கைந்து பேர் ஞானஸ்நானம் பெற்றிருப்பார்கள். அதனால் ஊருக்குள் ஒருவரை அப்பன் பெயர், பாட்டன் பெயர் சேர்த்தோ, பண்ணையின் பெயரைச் சொல்லியோ, பட்டப்பெயர் வைத்தோதான் அழைத்தார்கள். பதிவேட்டில் இவை எதுவும் ஏறவில்லை. இன்று இணையத்தில் ஒருவர் இரண்டு ஜான்களை ஒருவராக்கி மரம் வரைந்தால், அடுத்த வாரம் அதைப் பார்த்து நூறு பேர் வரைகிறார்கள். மரபணுச் சோதனை உறவு உண்டா என்று சொல்லும். எந்த ஜான் என்று சொல்லாது.

எந்த ஜான் என்று சொன்னவர் என் மாமனார். பள்ளிப்படிப்பு பதினான்கு வயதோடு முடிந்தவர். நான் லண்டனிலிருந்து எழுதிக்கொண்டு வந்த தாளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்ப்பார். “இவர் ஆற்றங்கரைப் பண்ணைக்காரர், நம்மவர் இல்லை. இதோ இவர் மேட்டு வீடு. நம்மவர் இவர்தான்” என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், “அவர் கட்டின சுவர் இன்னும் நிற்கிறதே, வாம்மா, காட்டுகிறேன்” என்று மழையிலேயே கூட்டிக்கொண்டு போவார். சாந்து பூசாத அந்தக் கற்சுவர்கள் பெரும்பாலும் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களைப் பிரித்து வேலியிட்டபோது எழுந்தவை. யார் வீட்டார் எந்தத் துண்டைக் கட்டினார்கள், எங்கே ஆடு நுழையத் துவாரம் விட்டார்கள், எந்த இடம் வருஷா வருஷம் சரியும், ஏன் சரியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஏடுகளின் வரலாறும் லேசானதல்ல. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்திலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஸ்வேல்டேலின் மேல்கோடியில் இருந்தவர்களுக்கு அந்தப் பங்குக் கோயில் கிரின்டனில், பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் இருந்தது. கெல்ட் ஊரில் ஒருவர் இறந்தால் உடலைச் சுமந்துகொண்டு 12 மைலுக்கும் மேல் நடக்க வேண்டும். 1580இல் மியூக்கரில் தேவாலயமும் இடுகாடும் வந்த பிறகுதான் அந்தச் சுமை குறைந்தது. அந்தப் பாதை இன்னும் இருக்கிறது. கோடையில் முதுகுப்பை மாட்டிய நடைப்பயணிகள் சந்தோஷமாக அதில் போகிறார்கள். என் மாமியார் அந்த வழியில் போகும்போது பேச மாட்டார்.

1660களிலும் 70களிலும் வந்த சட்டங்கள், கம்பளி தவிர வேறு துணியில் பிணத்தைச் சுற்றிப் புதைக்கக் கூடாது என்றன. உள்நாட்டுக் கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றுவதற்காக இந்த ஏற்பாடு. மீறினால் ஐந்து பவுண்டு அபராதம். கம்பளியில்தான் புதைத்தோம் என்று உறவினர் சத்தியம் செய்ய வேண்டும். பாதிரியார் அதைப் பதிவேட்டில் குறிப்பார். அப்படிக் குறித்த வரிகளைப் படிக்கும்போதுதான் ஒரு மகளோ தங்கையோ அங்கே வந்து நின்றாள் என்று நமக்குத் தெரிகிறது.

இந்தத் தேடலில் என்னைக் கடைசிவரை விடாத விஷயம் இதுதான். ஏழைகளைப் பற்றிய மிக நெருக்கமான செய்திகள், அவர்களை விரட்டுவதற்காக எழுதிய தாள்களில் கிடைக்கின்றன. 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, நலிந்தவருக்கு அவருடைய சொந்தப் பங்குதான் உதவ வேண்டும். வேற்றூர்க்காரர் கையேந்தும் நிலைக்கு வந்தால் நீதிபதிகள் அவரை நிறுத்தி விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எவ்வளவு கூலி, எத்தனை நாள்? திருமணமாகாதவர் ஒரு பங்கில் முழுதாக ஓராண்டு வேலை பார்த்திருந்தால் அந்தப் பங்கில் உரிமை உண்டு. அந்த உரிமை வந்துவிடக் கூடாதென்று 51 வாரத்துக்கு ஆள் எடுத்த பண்ணைக்காரர்கள் இருந்தார்கள். வடக்கே நவம்பரில் மார்ட்டின்மஸ் திருநாளை ஒட்டிச் சந்தை கூடும். வேலை தேடும் பையன்களும் பெண்களும் தெருவில் வரிசையாக நிற்பார்கள், பண்ணைக்காரர் பேரம் பேசி, கையில் ஒரு காசைக் கொடுத்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. இந்த வழக்கம் 1930கள் வரைக்கும் இருந்தது.

என் கணவரின் முன்னோரில் ஒருவர் அப்படி விசாரிக்கப்பட்டவர். பதினோரு வயதில் முதல் வேலை, எந்தெந்தப் பண்ணையில் எத்தனை ஷில்லிங், எந்தக் குளிர்காலத்தில் கால் ஒடிந்தது என்று அவர் சொன்னதை எழுத்தர் எழுதியிருக்கிறார். கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. அவர் சொத்துள்ளவராக இருந்திருந்தால் நமக்கு அவருடைய உயிலும் ஆட்டுக் கணக்கும் கிடைத்திருக்கும். அவருடைய குரல் கிடைத்திருக்காது. அந்தத் தாளின் நகலை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன். பட்டம் பெற்ற என் பிள்ளைகளின் படங்களுக்குப் பக்கத்தில்.

மக்கள்தொகைக் கணக்கு 1841இலிருந்துதான் பெயர்களோடு கிடைக்கிறது. அதில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த பங்கு 1851இல்தான் வருகிறது. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு ஆண்கள் ஈயச் சுரங்கத் தொழிலாளி, கூடவே சில ஏக்கர் நிலம் வைத்த விவசாயி. அந்தப் பள்ளத்தாக்கில் பலருக்கும் அப்படி இரண்டு பிழைப்பு. மனைவியின் தொழிற்கட்டம் வெற்று. பால் கறந்து, வெண்ணெய் எடுத்து, காலுறை பின்னி, உலர்புல் அடுக்கி, எட்டுப் பிள்ளை பெற்றவளுக்குத் தொழில் இல்லை என்று அரசாங்கம் முடிவு செய்திருக்கிறது. வெளிநாட்டு ஈயம் மலிவாக வந்ததும் 1880களில் சுரங்கங்கள் படுத்தன. குடும்பம் குடும்பமாக லங்காஷயரின் பஞ்சாலைகளுக்கும் டர்ஹாமின் நிலக்கரிக் குழிகளுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகளை அடுத்த கணக்கில் மூன்று இடங்களில் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941க்கும் 1943க்கும் இடையில், இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கப் பண்ணைகளைக் கணக்கெடுத்தார்கள். ஏக்கர், மாடு, ஆடு, தண்ணீர், மின்சாரம் என்று எல்லாம் எழுதி, கடைசியில் விவசாயிக்கு ஏ, பி, சி என்று தரம் போட்டார்கள். ஐம்பது ஆண்டு மூடியிருந்த அந்தத் தாள்கள் 1990களில் திறந்ததும் மாமனாரின் அப்பாவுக்கான தாளை நகல் வாங்கினோம். தரம் பி. காரணமாக ஆள் பற்றாக்குறை என்று இருந்தது. மாமனார் வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். “அந்த வருஷம்தான் அண்ணன் ராணுவத்துக்குப் போனான். அம்மா படுக்கையில். அப்பாவும் பன்னிரண்டு வயசுப் பையனுமாக மலையில் ஆட்டைப் பார்த்தோம்” என்றார். அந்தப் பையன் இவர்தான்.

ஆடுகளுக்கு அங்கே மனிதரைவிட உறுதியான வம்சம் உண்டு. வேலியில்லாத மலையில் ஒரு மந்தை தன் மேய்ச்சல் எல்லையைத் தாண்டாது. தாய் ஆடு குட்டிக்கு அந்த எல்லையைப் பழக்குகிறது, குட்டி தன் குட்டிக்கு. அதனால் குத்தகைதாரர் மாறினாலும் மந்தை பண்ணையோடேயே இருக்கும். யார் ஆடு என்று தெரிய முதுகில் வண்ணக் குறி, காதில் வெட்டு, கொம்பில் சூட்டெழுத்து. லேக் மாவட்டத்தில் 1817இலேயே இந்தக் குறிகளைப் படத்தோடு அச்சிட்டு மேய்ப்பர் கையேடு போட்டார்கள், வழிதவறிய ஆட்டை உடையவரிடம் சேர்ப்பதற்காக. எங்கள் வீட்டுச் சூட்டுக்கோலில் இருக்கும் முன்னெழுத்து எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பொருந்தவில்லை. மாமனாரைக் கேட்டேன். அது பண்ணையில் இவர்களுக்கு முன்பிருந்தவரின் எழுத்து. மந்தை மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை என்றார். அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் இவர்கள் அந்த வீட்டுக்கு எந்த ஆண்டு வந்தார்கள் என்பதும், முன்பிருந்தவர் மாமனாரின் பாட்டிக்குத் தாய்மாமன் என்பதும் தெரிந்தன. எந்தத் தேவாலய ஏடும் அதைச் சொல்லவில்லை.

2001இல் கோமாரி நோய் பரவியபோது நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். பக்கத்துக் கம்பிரியாவில்தான் அழிவு மிக அதிகம். அங்கே மலைப் பழக்கமுள்ள மந்தைகளை இழந்தவர்கள் சந்தையில் வேறு ஆடு வாங்கலாம். அந்த ஆடுகளுக்கு மலை தெரியாது. நோய் எங்கள் மலைக்கு வராமல் போனது. மாமனார் அந்த வசந்தம் முழுக்க வானொலியை அணைக்கவில்லை.

இப்போது அவர் இல்லை. நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரர் சேர்த்துப் பார்க்கிறார், மந்தையையும். தொழுவம் விடுமுறை வீடாகிவிட்டது; மாடு கட்டின இடத்தில் சமையல் மேடை. பக்கத்து ஆர்க்கன்கார்த்டேலில் 1659இல் தொடங்கிய பள்ளிக்கூடம் பிள்ளைகள் இல்லாமல் 2019இல் மூடப்பட்டது. எங்கோ கனடாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகிறவர்கள் அச்சடித்த வம்ச மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மியூக்கர் கல்லறைகளில் பெயர் தேடுகிறார்கள். எந்த வீடு என்று கேட்டால் காட்ட ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஏடுகள் யாவும் கைக்கு வந்துவிட்ட காலத்தில் ஊரில் ஆள் இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாத துக்கம்.

மாமனாரோடு நடந்தபோது அவர் சொன்ன வயல் பெயர்களை எல்லாம் ஒரு வரைபடத்தில் எழுதி வாங்கினேன். 1840களின் தசமபாக வரி வரைபடத்தில் இருந்த பெயர்கள் பெரும்பாலும் அப்படியே அவர் வாயில் இருந்தன. அதில் இல்லாத சிலவும் இருந்தன: பிள்ளைகள் குளித்த மடு, ஒரு குதிரை விழுந்த சரிவு, போரில் இறந்த பக்கத்து வீட்டுப் பையன் கடைசியாகப் புல் அறுத்த துண்டு. என் மகளிடம் இருக்கும் ஆயிரம் பதிவுகளிலும் நான் முதலாவதாக வைப்பது அந்தத் தாளை.

வடக்கு இங்கிலாந்தில் வேர் உள்ள யாரேனும் இதைப் படித்தால், அல்லது அப்படி ஒரு வீட்டில் பெண் கொடுத்தோ எடுத்தோ இருந்தால், ஒன்று சொல்ல வேண்டும். 1931இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு 1942இல் தீயில் எரிந்துபோனது. 1941இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கு நூறாண்டு விதிப்படி 2052இல்தான் திறக்கும். 1939 செப்டம்பரில் எடுத்த போர்க்காலப் பதிவேடு ஒன்றைத் தவிர, அந்த முப்பது ஆண்டுகளின் வீடுகளும் வயல்களும் இன்று தொண்ணூறை ஒட்டிய சிலரின் நினைவில்தான் இருக்கின்றன. ஏடுகள் காத்திருக்கும். அவர்களிடம் இந்தக் கோடையிலேயே போய்க் கேளுங்கள்.