அப்பத்தாவுக்கு ஆதார் உண்டா?

கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் அப்பத்தாவைக் கானாடுகாத்தான் பக்கம் அவர் பிறந்த வீட்டுக்கே கூட்டிப்போனார்கள். வீடு இப்போது ஹெரிடேஜ் ஓட்டல். வரவேற்பறைப் பையன் ஆதார் கேட்டான். "நான் பொறந்தப்ப இங்க யாரும் கேக்கலையேப்பா" என்றார் அப்பத்தா.

பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர் என்று வழிகாட்டி ஒப்பித்தார். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததில் அங்கே கொண்டுவிக்கப் போனவர்களின் வியாபாரக் கடைகள் கைவிட்டுப்போன கதை அவர் பட்டியலில் இல்லை. வாடகை கொடுப்பவரிடம் நஷ்டக் கணக்கு பேசக்கூடாதல்லவா! அதை அப்பத்தாதான் சொன்னார். கூடவே, வளவில் ஓடு மாற்றவேண்டும் என்று ஒரு பங்காளி வாயெடுத்தால் மற்ற பங்காளிகளுக்கெல்லாம் திடீரென வெளியூரில் வேலை வந்துவிடும் என்பதையும்.

இரண்டாங்கட்டில் சனிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்துவிட்ட இடத்தில் இப்போது ஸ்பா. தலைக்கு எண்ணெய் தேய்க்கும் கட்டணத்தைப் பேரன் வாசித்துக் காட்டினான்.

"எங்காத்தா சும்மாவே தேச்சுவிட்டா. அசைஞ்சா முதுகுல ரெண்டு வைப்பா."

பேரன் பட்டியலைத் திருப்பிப் பார்த்தான். அந்த ரெண்டு இதில் சேர்த்தி இல்லையாம்.