கிளி விரட்டிய கூலி

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் சோளம் பால் பிடித்துவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பரண்மேல் ஏறி, டால்டா டப்பாவைத் தட்டிக் கிளி விரட்ட வேண்டும். தாத்தா நாளுக்கு எட்டணா கொடுப்பார். கிளி தின்பது கொஞ்சம், கடித்துக் கீழே போடுவதுதான் அதிகம். அவருக்கு ஆத்திரமே அதில்தான். "திங்கிறதை முழுசாத் திங்கவாவது செய்யுதா, பாரு!" என்பார்.

ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. லண்டன் கென்சிங்டன் பூங்காவில் ஆப்பிள் துண்டை நீட்டியபடி நிற்கிறேன், அதே கிளி கையில் வந்து உட்காராதா என்று. பேத்தி செல்போனோடு காத்திருக்கிறாள். தீனி போடாதீர்கள் என்கிறது பூங்கா நிர்வாகம், தாத்தாவின் கட்சி. கிளி வந்தது. கழுத்தில் அதே ரோஜா நிற ஆரம். ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே போட்டது.

இவை இங்கே வந்ததற்குக் கதைகள் உண்டு. கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டாராம். 'ஆப்பிரிக்கன் குயின்' படப்பிடிப்பிலிருந்து தப்பினவையாம். 2019இல் லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரைபடத்தில் கணக்குப் போட்டு இரண்டையும் தள்ளிவிட்டார்கள். கூண்டில் வளர்த்தவர்கள் கைநழுவ விட்டவையும் திறந்துவிட்டவையும்தான் பெருகின. குளிர் முடியுமுன்பே மரப்பொந்துகளைத் தேடிப் பிடித்துவிடுகின்றன. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நம் சாமர்த்தியம்! உள்ளூர்ப் பறவைகள் வந்து பார்க்கும்போது இடமில்லை.

நம் நாட்டில் இதைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் 2010 முதல், பயிரை அழித்தால் தனி அனுமதி கேட்காமலே சுடலாம்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவருக்குத் தோட்டத்தில் இரண்டு ஆப்பிள் மரம். "உங்க ஊர்க் கிளிதானே?" என்று என்னிடம் வந்தார், ஏதோ நான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது மாதிரி. மரபணு பார்த்தவர்கள் பெரும்பாலும் வட இந்தியா, பாகிஸ்தான் பக்கத்துக் கிளிகள் என்கிறார்கள்; கோவில்பட்டிக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று விளக்கினேன். காதில் வாங்கவில்லை. சரி, தெரிந்த வைத்தியத்தைச் சொன்னேன்: தகர டப்பா.

காலி பீன்ஸ் டின் ஒன்றைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நேற்றுப் பார்த்தேன். அதன்மேல் உட்கார்ந்துதான் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தது.